செப்டம்பர் 22: ஒரே தேதியில் நடந்த போர்களைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

'வரலாற்றில் இன்று' என்று பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் எழுதுகிறவர்கள், யூடியூபில் குட்டி வீடியோ போடுகிறவர்கள், வாட்ஸாப் குழுவில் காலை வணக்கத்தோடு நாலு வரி சேர்த்து அனுப்புகிறவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். போர் வரலாறு அதில் எப்போதும் ஓடும் சரக்கு. ஆனால் கடைசியில் கிடைப்பது என்ன? ஒரு ஆண்டு, ஒரு கோடு, ஒரு வரி. மறுபடியும் ஒரு ஆண்டு, ஒரு கோடு, ஒரு வரி. அந்த வரி எங்கிருந்து வந்தது, அந்தத் தேதி யார் வீட்டு நாட்காட்டியில் உள்ள தேதி, பக்கத்து வரிக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால்தான் விஷயமே சூடு பிடிக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு தேதியை எடுத்து முழுசாகச் செய்து காட்டுகிறேன். தேதி: செப்டம்பர் 22. சென்னைக்காரர்களுக்கு இது 1914-ல், முதல் உலகப் போரில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்ட நாள். அன்றைக்கு மட்டும் உலகத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று பார்த்தாலே தலை சுற்றும்.

படி 1: முதலில் வேலி போடுங்கள்

வேலி இல்லாமல் இறங்கினால் ரோமாபுரி வரைக்கும் போய்விடுவீர்கள். நவீனப் போர்கள் என்றால் நான் 1914-லிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கப்பல் பதிவேடு, படைப்பிரிவு நாட்குறிப்பு, தந்தி, செய்தித்தாள் என்று ஒரே நிகழ்வுக்கு நாலு சாட்சிகள் கிடைக்கின்றன என்பதுதான் காரணம். உங்களுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் பிடிக்குமென்றால் 1861-லிருந்து தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு எல்லையைத் தீர்மானித்து மேலே எழுதி வையுங்கள்.

அப்புறம், எந்த மாதிரி நிகழ்வைச் சேர்ப்பது? அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிந்தவை சுலபம், கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். அன்று தொடங்கியவை, அன்று முடிந்தவை, இவற்றையும் சேர்க்கலாம், ஆனால் விசாரித்துவிட்டு (ஏன் என்று ஐந்தாம் படியில் வருகிறது). மூன்றாவது ரகம்தான் தொந்தரவு: அந்த நாளைக் கடந்து போன நீண்ட போர்கள். லெனின்கிராட் முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை நீடித்தது. மூன்று செப்டம்பர் 22-கள் அதற்குள் விழுகின்றன. 1944-ல் ஹாலந்தில் நேச நாடுகள் நடத்திய மார்க்கெட் கார்டன் ராணுவ நடவடிக்கை செப்டம்பர் 17-ல் தொடங்கி 25 வரை ஓடியது. இதையெல்லாம் சேர்த்தால் வருஷத்தின் எல்லா நாளிலும் எல்லாப் போரும் வந்துவிடும். என் விதி இதுதான்: நீண்ட போரில் அந்தத் தேதிக்கென்றே சொல்லக்கூடிய ஒரு காரியம் நடந்திருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

படி 2: கச்சாப் பட்டியல்

இந்தக் கட்டத்தில் தரம் பார்க்காதீர்கள், வாரிக் குவியுங்கள். விக்கிபீடியாவில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம், ஆனால் ஆங்கிலப் பக்கத்தோடு நிறுத்தக் கூடாது. கூகுள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ரஷ்ய, ஜெர்மன், பிரெஞ்சு, பாரசீகப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மொழியும் தன் ஊர்ச் சாவைத்தான் முதலில் எழுதும்.

செப்டம்பர் 22-க்கு இப்படிக் குவித்தால் வருவதில் முக்கியமானவை இவை. 1914-ல் வட கடலில் ஒரே நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது, எம்டன் மெட்ராஸைத் தாக்கியது, பசிபிக்கில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த டாஹிட்டித் தீவின் பப்பீட்டே நகரைத் தாக்கின, பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் ஆன்ட்வெர்ப்பிலிருந்து கிளம்பி முதன்முதலாக ஜெர்மனிக்குள் குண்டு போடப் போயின. 1939-ல் போலந்தின் பிரெஸ்ட் நகரத்தை ஜெர்மானியர்கள் சோவியத் படையிடம் கைமாற்றினார்கள். ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷெய்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அணிவகுப்பைப் பார்க்கும் படங்கள் இன்றும் உலவுகின்றன. 1943-ல் நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கிகள் தாக்கின, நியூகினியில் ஃபின்ஷ்ஹாஃபன் பக்கம் ஆஸ்திரேலியர்கள் கரையிறங்கினார்கள், மின்ஸ்கில் நாஜி ஆட்சியாளர் வில்ஹெல்ம் கூபே அவர் வீட்டு வேலைக்காரப் பெண் யெலேனா மசானிக் படுக்கைக்கு அடியில் வைத்த குண்டில் செத்தார். 1944-ல் சோவியத்தின் செஞ்சேனை எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குள் நுழைந்தது. 1965-ல் இந்திய-பாகிஸ்தான் போரின் கடைசிச் சண்டைகளும் போர்நிறுத்தமும். 1980-ல் ஈராக் ஈரானுக்குள் நுழைந்தது. 2018-ல் ஈரானின் அஹ்வாஸ் நகரில் ராணுவ அணிவகுப்பின் மீது துப்பாக்கிச் சூடு, 25 பேர் பலி.

1979-ல் ஒன்று உண்டு, போர் அல்ல, ஆனால் விடவும் மனசு வராது: தென் அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சேரும் பக்கத்தில் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் ஒரு இரட்டை ஒளிப்பொறியைப் பதிவு செய்தது. அணுகுண்டு சோதனையாக இருக்கலாம் என்று இன்றுவரை பேசுகிறார்கள், எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைத் தனியாக ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாம் படியில் உதவும்.

படி 3: எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் ஏற்றுங்கள்

மற்ற படிகளைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். பெரும்பாலான தொகுப்புகள் இதைச் செய்வதே இல்லை.

ஒரு எக்செல் கோப்பைத் திறந்து நாலு பத்தி போடுங்கள்: இடம், உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம் (உலக நேரங்களுக்கெல்லாம் அளவுகோல்), இந்திய நேரம் (கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால்). 1914-ஐ எடுத்துக்கொள்வோம்.

டச்சுக் கரைக்கு அப்பால் பிராட் ஃபோர்ட்டீன்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல் பகுதியில் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பழைய பிரிட்டிஷ் குரூஸர் ரகப் போர்க்கப்பல்கள் ரோந்து போய்க்கொண்டிருந்தன. மோசமான வானிலையால் துணைக்கு வரவேண்டிய டெஸ்ட்ராயர்கள் (வேகமான சிறு போர்க்கப்பல்கள்) கூட இல்லை. மணிக்குச் சுமார் 10 கடல் மைல் வேகத்தில், நேர்கோட்டில், வளைந்து நெளிந்து போகாமல் போனார்கள். கிரீன்விச் நேரம் காலை சுமார் 6:20-க்கு ஓட்டோ வெட்டிகன் தலைமையிலான யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட டார்ப்பிடோ அபூகிரைத் தாக்கியது. அபூகிரின் கேப்டன் டிரம்மண்ட் கண்ணிவெடி என்று நினைத்து மற்ற இரண்டையும் உதவிக்குக் கூப்பிட்டார். காப்பாற்ற வந்து நின்ற ஹோக் 6:55-க்கு அடி வாங்கியது. அப்போதும் கிரெஸ்ஸி இடத்தை விட்டுப் போகவில்லை, தண்ணீரில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. 7:20-க்கு அதற்கும் விழுந்தது, 7:55-க்கு மூழ்கியது. இறந்தவர்கள் 1,459 பேர், பிழைத்தவர்கள் 837. கிட் விகாம்-மஸ்கிரேவ் என்று 15 வயதுப் பயிற்சி மாணவன் ஒருவன். அபூகிர் மூழ்கியபோது நீந்தி ஹோக்குக்குப் போனான், அது மூழ்கியதும் கிரெஸ்ஸிக்குப் போனான், அதுவும் மூழ்கிய பிறகு மிதந்துகொண்டிருந்து பிழைத்தான்.

இந்திய நேரத்துக்கு மாற்றினால் இதெல்லாம் பகல் 11:50-லிருந்து 1:25-க்குள் முடிந்துவிட்டது. மெட்ராஸில் அது மதியச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு இரவு சுமார் 9:30-க்குத்தான் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே, கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட ஆரம்பித்தது. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மேல் அப்போது இருந்த கலங்கரை விளக்கம் உட்பட நகரத்தின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலுக்கும் அடி. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் வந்த வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது பப்பீட்டே. பட்டியலில் பார்த்தால் மெட்ராஸுக்கு வெகு முன்னால் நடந்த மாதிரி தோன்றும், ஏனென்றால் அங்கே காலை 7 மணிவாக்கில் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரண்டு கப்பல்களும் கண்ணில் பட்டன. ஆனால் டாஹிட்டி கிரீன்விச்சுக்குப் பத்து மணி நேரம் பின்னால். அந்தக் காலை 7 மணி நமக்கு இரவு 10:30. அதாவது மெட்ராஸில் எண்ணெய் எரிந்துகொண்டிருந்த அதே இரவு நேரத்தில், பூமியின் மறுபக்கத்தில் விடிந்து, இன்னொரு ஜெர்மன் தாக்குதல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் போல இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த மூன்று கப்பல்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூன்றும் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட வைஸ் அட்மிரல் ஸ்பேயின் கிழக்காசியப் படையைச் சேர்ந்தவை. ஆகஸ்டில் பசிபிக்கின் பேகன் தீவில் எம்டனை மட்டும் பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிவிட்டு ஸ்பே கிழக்கே போனார். பப்பீட்டேயில் அவர் தேடியது நிலக்கரி. பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டு நிலக்கரிக் குவியலுக்குத் தீ வைத்துவிட்டார்கள், தங்கள் ஜெலே என்ற சிறு போர்க்கப்பலையும் தாங்களே மூழ்கடித்தார்கள். இங்கே எண்ணெயை எரித்தது தாக்க வந்தவன், அங்கே நிலக்கரியை எரித்தது தற்காத்தவன். ஆண்டுவாரிப் பட்டியலில் இதெல்லாம் கண்ணில் படவே படாது.

நேரத்தை மாற்றும்போது சில பொறிகள் இருக்கின்றன. ஜெர்மன் நேரம் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால், அதனால் யூ-9 பற்றி ஜெர்மன் தரப்பில் எழுதியதைப் படித்தால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளி நடந்த மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இன்னும் மோசம், கோடைக்கால நேரம் என்று ஒவ்வொரு நாடும் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருகியது. நம் இந்திய நேரமும் தப்பவில்லை: 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால், கிரீன்விச்சுக்கு ஆறரை மணி கூடுதலாக ஓடியது. 1943 நிகழ்வை அன்றைய இந்திய நேரத்துக்கு மாற்றுகிறவர்கள் ஐந்தரையைக் கூட்டினால் தப்பாகிவிடும்.

படி 4: நள்ளிரவின் இரண்டு பக்கமும் பாருங்கள்

ஒரு நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் இருக்க முடியும், இரண்டுமே சரியாகவும் இருக்க முடியும். 1965 போர்நிறுத்தம் இதற்குச் சுத்தமான உதாரணம். ஐ.நா. பாதுகாப்பு சபை செப்டம்பர் 20-ல் 211-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி கிரீன்விச் நேரம் காலை 7 மணிக்குச் சண்டையை நிறுத்த வேண்டும் என்று கேட்டது. பிறகு அது அதே நாள் இரவு 10 மணிக்குத் தள்ளிப்போனது. கிரீன்விச்சில் இரவு 10 என்றால் நியூயார்க்கில் 22-ஆம் தேதி மாலை. டெல்லியில் 23-ஆம் தேதி அதிகாலை 3:30. லாகூரில் 23-ஆம் தேதி அதிகாலை 3. ஐ.நா. ஆவணத்தைப் பார்த்து எழுதினால் 22, இந்திய ராணுவ நூலைப் பார்த்து எழுதினால் 23. இணையத்தில் இதற்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சண்டைகளுக்கும் இதே கதைதான். லாகூருக்குப் போகும் வழியில் இச்சோகில் கால்வாய்க் கரையில் இருக்கும் டோகராய் ஊரை லெப்டினன்ட் கர்னல் டெஸ்மண்ட் ஹேட் தலைமையில் 3-ஆம் ஜாட் பட்டாலியன் பிடித்தது 21-22 இரவில். இந்த மாதிரி இடங்களில் ஒரு தேதியை மட்டும் போடாதீர்கள், 'செப்டம்பர் 21-22 இரவு' என்றே எழுதுங்கள். ராணுவ ஆவணங்களும் அப்படித்தான் எழுதுகின்றன.

ஓரத்தில் வைத்த வேலா விஷயத்தை இப்போது எடுங்கள். ஒளிப்பொறி பதிவானது கிரீன்விச் நேரம் 22-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:53-க்கு. வாஷிங்டனில் அது இன்னும் 21-ஆம் தேதி இரவு 9 மணி கூட ஆகாத நேரம்.

அடுத்து நாட்காட்டி. ரஷ்யா 1918 பிப்ரவரி வரைக்கும் ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது, நம் கணக்குக்குப் பதின்மூன்று நாள் பின்னால். 1914 செப்டம்பர் 22 ரஷ்யத் தலைமையகக் காகிதங்களில் செப்டம்பர் 9. ரஷ்ய மூலத்தில் 'செப்டம்பர் 22' என்று பார்த்தவுடனே பட்டியலில் சேர்த்தால், அது நிஜத்தில் அக்டோபர் 5-ஆக இருக்கும்.

ஈரான் வேறு மாதிரி. ஈராக்கோடு போர் தொடங்கிய நாளை அவர்கள் தங்கள் பாரசீக நாட்காட்டியின் ஷஹ்ரிவர் மாதம் 31 என்றுதான் நினைவு கூர்கிறார்கள், அதிலிருந்துதான் அவர்களுடைய 'புனிதத் தற்காப்பு வாரம்' தொடங்குகிறது. பாரசீக ஆண்டு 1359-ல் அது செப்டம்பர் 22. பெரும்பாலான வருஷங்களில் அப்படியே பொருந்தும், சில வருஷங்களில் ஒரு நாள் நகரும். 2020-ல் ஷஹ்ரிவர் 31 செப்டம்பர் 21-ல் வந்தது. தெஹ்ரானிலிருந்து வந்த நினைவுநாள் செய்தியின் தேதியை வைத்துப் போர் தொடங்கிய தேதியைக் கணக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

படி 5: 'தொடங்கியது' என்று சொல்வது யார்?

1980 செப்டம்பர் 22 பிற்பகலில் ஈராக் விமானங்கள் தெஹ்ரானின் மெஹ்ராபாத் உட்பட ஈரானின் பல விமானத்தளங்களைத் தாக்கின, தரைப்படை எல்லையைத் தாண்டியது. 1967-ல் இஸ்ரேல் எகிப்திய விமானப்படையைத் தரையிலேயே அழித்த மாதிரி செய்யலாம் என்று திட்டம். பலிக்கவில்லை, ஈரானிய விமானங்கள் கான்கிரீட் கூடாரங்களுக்குள் பத்திரமாக இருந்தன, மறுநாளே சுமார் 140 விமானங்கள் ஈராக்கைத் திருப்பித் தாக்கின.

உலகத்துக்கு இதுதான் போர் தொடங்கிய நாள். ஆனால் ஈராக்கின் சதாம் உசேன் அரசு போர் செப்டம்பர் 4-லேயே, ஈரான் எல்லை ஊர்களின் மீது பீரங்கி சுட்டபோதே தொடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நடுவில் செப்டம்பர் 17-ல் சதாம் ஈரானோடு போட்டிருந்த 1975 அல்ஜியர்ஸ் எல்லை ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று அறிவித்தார். மூன்று தேதியும் உண்மை. எந்தத் தேதியைத் தொடக்கம் என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து யார் முதலில் அடித்தார்கள் என்பதே மாறுகிறது. நான் 22-ஐத்தான் வைப்பேன், முழு அளவிலான படையெடுப்பு அன்றைக்குத்தான் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் குறிப்புப் பத்தியில் ஈராக்கின் கணக்கையும் ஒரு வரி எழுதிவிடுவேன்.

இதே படியில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள்: எந்த நிகழ்வுக்கும் எந்த நிகழ்வுக்கும் நிஜமாகவே ஒட்டு இருக்கிறது, எது வெறும் தற்செயல்? செப்டம்பர் 22-ல் எனக்குத் தெரிந்து ஆண்டுகளைத் தாண்டிய உறவு ஒன்றே ஒன்றுதான். 2018-ல் அஹ்வாஸில் அணிவகுப்பு நடந்ததே 1980-ஐ நினைவுகூர, அந்தக் கூட்டத்தைத் தேடித்தான் தாக்கியவர்கள் வந்தார்கள். அந்தத் தேதிதான் அவர்களை அங்கே கூட்டி வந்தது. 1914-ல் மெட்ராஸும் பப்பீட்டேயும் தூரத்து உறவு, காரணம் ஒன்று, நேரம் தற்செயல். யூ-9-க்கும் எம்டனுக்கும் கொடி ஒன்று என்பதைத் தவிர அன்றைக்கு எந்தத் தொடர்பும் இல்லை. மற்றவை எல்லாம் தற்செயல், அதைத் தற்செயல் என்றே சொல்லுங்கள். 'இந்தத் தேதிக்கு ஏதோ சாபம் இருக்கிறது' என்று வீடியோவுக்குத் தலைப்பு வைத்தால் பார்வைகள் கூடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

படி 6: மூலத்தைத் தேடிப் போங்கள்

பயப்பட வேண்டாம், வீட்டிலிருந்தே நிறையச் செய்யலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த தேதியை வைத்தே தேட முடியும். 1914 செப்டம்பர் 22 என்று கொடுத்துப் பாருங்கள், சாட்டம் கடற்படை நினைவுச்சின்னத்தில் பெயர் பொறித்தவர்கள் பக்கம் பக்கமாக வருவார்கள், அந்த மூன்று கப்பல்காரர்கள். பட்டியலில் ஒரு வரியாக இருக்கும் '1,459' திரையில் இறங்கி வரும்போது வேறு மாதிரி இருக்கும்.

ஆஸ்திரேலியப் போர் நினைவகம் படைப்பிரிவு நாட்குறிப்புகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது, 1943 ஃபின்ஷ்ஹாஃபன் கரையிறக்கத்தை அங்கே நேரவாரியாகவே படிக்கலாம். 1915-ல் துருக்கியின் கல்லிபோலியில் இறங்கியதற்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் எதிர்ப்புக்கு நடுவே கரையிறங்கியது அதுதான் முதல் தடவை. பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம், இந்திய ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், நேரில் போக முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். செய்தித்தாளில் தேடும்போது 22-ஆம் தேதி இதழில் தேடாதீர்கள். எம்டன் சுட்டது இரவில், செய்தி அடுத்த நாள்தான் அச்சாகும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் தணிக்கையைப் பொறுத்து இன்னும் தள்ளிப் போகும்.

எண்கள் முரண்படும், அதற்குத் தயாராக இருங்கள். எம்டன் சுட்ட குண்டுகளை 125 என்கிறவர்களும் உண்டு, 130 என்கிறவர்களும் உண்டு. இதற்காகச் சண்டை போடாமல் 'சுமார் 125 முதல் 130' என்று எழுதிவிட்டுப் போங்கள். சில முரண்பாடுகளை மட்டும் விடக் கூடாது. எம்டனில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை வந்தார், அவர்தான் மெட்ராஸுக்கு வழி காட்டினார் என்று நம்மூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். வீரக் கதை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. சோதிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை, இரண்டு கேள்வி போதும்: கப்பல் எங்கிருந்து கிளம்பியது, ஆள் எங்கே இருந்தார்? எம்டன் 1914 ஜூலை 31-ல் சிங்டாவை விட்டுக் கிளம்பியது, அதன் பிறகு எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் பார்க்கவே இல்லை. செண்பகராமன் அந்த ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லின் போனார். நடுவில் கண்டமே கிடக்கிறது. அவர் செய்த நிஜமான அரசியல் வேலையே போதுமான அளவு பெரியது, கப்பலில் ஏற்றி உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கதையைச் சேர்க்க விரும்பினால் 'மக்கள் சொல்லும் கதை' என்று பெயர் போட்டுச் சேருங்கள்.

மெட்ராஸ் பக்கம் சாட்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது.

படி 7: ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள்

இருபது நிகழ்வு சேர்ந்த பிறகு, ஏதாவது ஒன்றுக்கு மட்டும் விரிவான இடம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் எழுதினால் படிக்கிறவர் பாதியிலேயே தூங்கிவிடுவார். நான் 1943-ன் டிர்பிட்ஸை எடுப்பேன்.

வட நார்வேயில் கோ ஃபியோர்டு என்ற குறுகிய கடல் இடுக்கில் பாதுகாப்பு வலைகளுக்கு நடுவே டிர்பிட்ஸ் ஒளிந்திருந்தது. அதைத் தாக்க எக்ஸ் வகைக் குட்டி நீர்மூழ்கிகள் ஆறு கிளம்பின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மீட்டர் நீளம், நாலு பேர், இரண்டு பக்கமும் தலா இரண்டு டன் வெடிமருந்து. பெரிய நீர்மூழ்கிகள் அவற்றைக் கடல் தாண்டி இழுத்துக்கொண்டு போயின. வழியிலேயே ஒன்று காணாமல் போனது, ஒன்றைத் தாங்களே மூழ்கடிக்க வேண்டி வந்தது. டொனால்ட் கேமரனின் எக்ஸ்-6-க்குப் பெரிஸ்கோப்பில் தண்ணீர் புகுந்து பார்வையே மங்கிவிட்டது. வலைக்குள் எப்படியோ நுழைந்து, பாறையில் முட்டி, மேலே தலைகாட்டி, டிர்பிட்ஸ் ஆட்கள் துப்பாக்கியால் சுடச் சுட, கப்பலுக்கு அடியில் குண்டுகளைக் கழற்றி விட்டுவிட்டு நாலு பேரும் சரணடைந்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். அவர்களைப் பிடித்து ஏற்றியது டிர்பிட்ஸின் மேலேயே. கீழே தாங்கள் வைத்த குண்டு எப்போது வெடிக்கும் என்று அவர்களுக்கு மட்டும் தெரியும், விசாரிக்கிறவர்களுக்குத் தெரியாது. கிரீன்விச் நேரம் காலை 8:12-க்கு வெடித்தது. காட்ஃப்ரி பிளேஸின் எக்ஸ்-7 வைத்த குண்டுகளும் சேர்ந்துகொண்டன. நாற்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் தண்ணீரிலிருந்து தூக்கி அடிக்கப்பட்டது, மூழ்கவில்லை, ஆனால் 1944 வசந்தம் வரைக்கும் வேலைக்கு உதவவில்லை. கேமரனுக்கும் பிளேஸுக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. எக்ஸ்-5 திரும்பவே இல்லை. இங்கேயும் மூன்றாம் படியை மறக்காதீர்கள்: கப்பலில் இருந்த ஜெர்மானியர்களின் கடிகாரம் கோடைக்கால நேரத்தில், கிரீன்விச்சுக்கு இரண்டு மணி முன்னால் இருந்தது.

படி 8: எழுதும்போது

ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து விஷயம் போதும்: இடம், நேரம் (எந்த நேரம் என்பதோடு), யார், என்ன, பிறகு என்ன ஆனது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெட்டிகன் ஆறு மாதம் கூட முழுசாக வாழவில்லை, 1915 மார்ச்சில் அவருடைய அடுத்த நீர்மூழ்கியைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டிரெட்நாட் முட்டி மூழ்கடித்தது. எம்டனை நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி முடித்தது. ஸ்பே டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்துத் தீவுகள் பக்கம் தன் கப்பலோடு போனார். கூபேயைக் கொன்றதற்குப் பழியாக மின்ஸ்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்; இதை எழுதாமல் குண்டு வைத்த சாகசத்தை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. 1944-ல் தாலினில் நடந்ததைச் சோவியத் நூல்கள் விடுதலை என்றன. எஸ்டோனியர்களுக்கு அன்றைக்கு நடந்தது ஒரு ஆக்கிரமிப்பு போய் இன்னொன்று வந்தது. ஜெர்மானியர்கள் போய் ரஷ்யர்கள் வருவதற்கு நடுவில் கிடைத்த சில நாட்களில் ஓட்டோ டீஃப் அமைத்த அரசையும், கோட்டைக் கோபுரத்தில் ஏறிய எஸ்டோனியக் கொடியையும் நினைத்து, செப்டம்பர் 22-ஐ எதிர்ப்புப் போராட்ட நாளாக அனுசரிக்கிறார்கள். நான் 'செஞ்சேனை தாலினைக் கைப்பற்றியது' என்று எழுதிவிட்டு இரண்டு பெயரையும் யார் சொல்கிறார்கள் என்பதோடு சேர்த்துக் கொடுப்பேன்.

சரி, கை பழக அடுத்த தேதி வேண்டுமென்றால் ஜூன் 22-ஐ எடுங்கள். 1940-ல் பிரான்ஸ் கோம்பியேனில் போர்நிறுத்தம் கையெழுத்திட்டது, 1941-ல் ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் படையை அனுப்பினார், 1944-ல் கோஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 109-ஆம் மைல்கல் பக்கத்தில் சந்தித்து, இம்பாலைச் சுற்றிய ஜப்பானிய முற்றுகை உடைந்தது. அதே 1944-ல் சோவியத்தின் பக்ரத்தியோன் தாக்குதல் தொடங்கியது 22-ஆ 23-ஆ என்று நூலுக்கு நூல் மாறும், முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இம்பாலுக்கு ஆறரை மணி கூட்ட மறக்காதீர்கள்.